பதினான்காவது பெயர்

ஒக்டோபர் 7
இடாப்பு கூப்பிடும்போது இன்றும் பதினான்காவது பெயரில் நின்றது. மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்துவிட்டது. திக்கிப் பேசும் பையன். அவன் வாய் 'உள்ளேன்' சொல்ல 'உ'வில் குவிந்தபடியே இருந்தது. பின் வாங்கில் சிரிப்பு. "சரி சரி, உட்காரு" என்றேன். உதவி செய்ததாக இடைவேளை வரை ஒரு நினைப்பு எனக்கு.

ஒக்டோபர் 8
மழை. கடிதம் வரவில்லை.

ஒக்டோபர் 9
தோட்டத்து மலையில் வேலையிலிருந்து நேராக அவன் அம்மா வந்தார். அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும் இன்றைக்கு. "நாலு வயசுல தொடங்குச்சு டீச்சர். நாக்குல வசம்பு தேச்சாச்சு, பயந்துட்டான்னு கயிறும் கட்டியாச்சு." பயத்தாலும் வரவில்லை, நாக்கிலும் கோளாறு இல்லை, குடும்ப வழியாகவும் வரும் என்றேன். "அவரு தம்பிக்கும் இப்படித்தான்" என்றார் சட்டென்று. நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்குச் சின்ன வயதில் திக்கும், பெரும்பாலும் தானாகப் போய்விடும், ஒருவருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும் என்று சொல்லித் தொலைத்தேன். "எங்க புள்ள அந்த ஒண்ணா?" பேச்சுச் சிகிச்சைக்குக் கண்டி வரை போனால் முழுப் பேரும் போகும், பஸ் காசு வேறு. அங்கே தமிழ் பேசுகிறவர் இருக்க வேண்டுமே.

ஒக்டோபர் 10
எல்லோரும் சேர்ந்து வாசித்தபோது அவன் குரல்தான் கணீரென்று. மாசியில் காமன் கூத்துப் பாட்டையும் தடங்கலில்லாமல் பாடினானாம். தனியாக எழுப்பினால் அதே பாடம் முதல் சொல்லிலேயே அடைத்துக்கொள்கிறது. "பாட்டுல மட்டும் வருதே, வேணும்னே செய்றான்" என்கிறார் பக்கத்து வகுப்பு டீச்சர். திக்குகிறவர்கள் பலருக்கும் பாட்டில் திக்காது என்று விளக்கப் போய் எனக்கே நாக்குக் குழறியது.

ஒக்டோபர் 14
"மூச்சை இழுத்து மெதுவா சொல்லு." மூன்று தடவை சொல்லிவிட்டேன். சொன்னால் இன்னும் இறுகும் என்று தெரிந்தும்.

ஒக்டோபர் 16
இடைவேளையில் தனியாகக் கேட்டேன், இடாப்புக்குக் கையை மட்டும் தூக்குகிறாயா என்று. "வே-வேணாம் டீச்சர். நான் சொல்லுவேன். நீங்க அ...அடுத்த பேரைக் கூப்பிட்டுராதீங்க."

ஒக்டோபர் 17
கூப்பிடவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் 'உள்ளேன்' என்று எடுத்துக்கொடுக்கப் பார்த்தான், கையமர்த்தினேன். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. சொன்னான். பதினைந்தாவது பெயர்.

ஒக்டோபர் 22
உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாள். பாடசாலையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் காலைக் கூட்டத்தில் அவனை மேடையேற்றிவிடுவார்கள்.

ஒக்டோபர் 23
இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. இனி இடாப்பு பக்கத்து வகுப்பு டீச்சரிடமாம்.