அப்பாவின் கேஸ் மாத்திரை

3 ஜூன் 2024, பெரம்பூர்

அப்பாவின் மாத்திரை டப்பாவைக் கொட்டித் துடைத்தேன். கேஸ் மாத்திரையான பாண்டோபிரசோல் 40 அட்டை மட்டும் ஐந்து. மூன்று வருஷத்துக்கு முன் முட்டிவலிக்கு வலி மாத்திரை எழுதியபோது வயிறு புண்ணாகாமல் இருக்கச் சேர்த்துக் கொடுத்தது. வலி மாத்திரை ஒரே மாதத்தில் நின்றது, இது நிற்கவேயில்லை. பழைய அட்டையைக் காட்டினால் மெடிக்கலில் கொடுத்துவிடுகிறார்கள். அதையும் இட்லி, காபி எல்லாம் முடிந்தபிறகு, முழுங்க வரவில்லை என்று இரண்டாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார்.

5 ஜூன்

பாதம் மரத்துப்போகிறது என்று அப்பா சொல்ல, டாக்டரம்மாவிடம் போனோம். மாத்திரைக் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார்.

வயிற்றுச் சுவரில் அமிலத்தை இறைக்கும் பம்ப் போன்ற புரதங்கள் உண்டு. சாப்பாடு வந்தால்தான் அவை முழுசாக ஓடும். மருந்து குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, ஓடுகிற பம்பைத்தான் பூட்டும். சும்மா கிடப்பதைத் தொடாது. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்வது. மருந்து சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும், ஆனால் பூட்டிய பம்ப் பூட்டியதுதான். உடம்பு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று போதுவது அதனால்தான்.

உடைக்கவே கூடாதாம். மேல்பூச்சு போனால் மருந்தில் ஒரு பகுதி வயிற்று அமிலத்திலேயே கெட்டுவிடும். மூன்று வருஷமாக அப்பா அதைத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

பாதம் மரத்துப்போவதற்கு பி12 வைட்டமின் குறைவு காரணமாக இருக்கலாமாம். உணவிலிருக்கும் பி12 பிரிந்து வர அமிலம் வேண்டும். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.

7 ஜூன்

பி12 148. குறைவுதான். ஊசி ஆரம்பம். கேஸ் மாத்திரை 40-லிருந்து 20, இரண்டு வாரம் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் நிறுத்தம்.

9 ஜூலை

நிறுத்தி நாலாம் நாள். ராத்திரி முழுக்கப் புளிச்ச ஏப்பம், நெஞ்செரிச்சல். "பழையபடி கொடுத்துடுடி, பாக்க முடியல" என்றாள் அம்மா. ரொம்ப நாள் அடக்கி வைத்த அமிலம் கொஞ்ச நாள் கூடுதலாகவே சுரக்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆன்டாசிட் திரவம் கொடுத்தேன். சுரந்த அமிலத்தை உடனே தணிக்கும், கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதே பாட்டிலை அம்மாவும் எடுக்கப் பார்த்தாள். ஆன்டாசிட் தைராய்டு மாத்திரையைச் சரியாக உடம்பில் சேரவிடாது, அதைப் போட்டு நாலு மணி நேரமாவது ஆகட்டும் என்று தடுத்தேன்.

24 ஜூலை

ஏப்பம் அடங்கிவிட்டது. எதிர்வீட்டு மாமி கேள்விப்பட்டு, "நானும் நிறுத்திடறேன்" என்றார். பதறிவிட்டேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார். வயிற்றில் ரத்தம் கசியாமல் காப்பதே அந்தக் கேஸ் மாத்திரைதான். அது அதே வகையைச் சேர்ந்த ஓமிப்ரசோலாக இருந்தால் குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்குமே என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பாண்டோபிரசோல். அப்பாடா.

"மாமி, உங்க டாக்டரைக் கேக்காம நிறுத்தவே கூடாது. எப்போ போடறீங்க?"

"டிபன் முடிச்சதும்."

"எழுந்து பல் தேய்ச்சதும் போடுங்க. அரை மணி கழிச்சு டிபன்."