52 கிலோ

டயாலிசிஸுக்குப் போனதும் முதல் வேலை எடை பார்ப்பது. செருப்பைக் கழற்றி, கைப்பையையும் செல்போனையும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மெஷினில் ஏறுவேன். டெக்னீஷியன் தம்பி அந்த எடையிலிருந்து என் ட்ரை வெயிட்டைக் கழிப்பார். கடைசியில் ட்யூபில் நிற்கும் ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்ப சலைன் விடுவார்கள். அதற்கு ஒரு 300 மில்லி கூட்டுவார். வருகிற தொகைதான் அன்றைக்கு டயாலிசிஸ் மெஷின் என் உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய தண்ணீர். மூன்றாம் வகுப்புக் கணக்கு. அதில் ஒரு எண் தப்பாக இருந்து, என் இதயம் பாதி வேலையை நிறுத்திவிட்டது.

உடம்பில் உபரித் தண்ணீர் இல்லாதபோது என்ன எடையோ அதுதான் ட்ரை வெயிட். நான்கு வருடம் முன்பு, டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில், எனக்கு 52 கிலோ என்று குறித்தார்கள். ஆதார் எண் மாதிரி அது ஆயுசுக்கும் மாறாது என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் விஷயத்தில் நான் கெட்டிக்காரி. முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி, அவ்வளவுதான் குடிக்கலாம் என்றார் டாக்டர். எனக்குச் சிறுநீர் 200 மில்லி போனால் அதிகம். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் காபியும் அடங்கும் என்றால் எப்படி இருக்கும்? காலையில் ஒரு பாட்டிலில் 700 மில்லி பிடித்து வைப்பேன். காபியோ ரசமோ மோரோ எது குடித்தாலும், அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிடுவேன். மிச்சம் இருப்பதுதான் எனக்கு. துளசி நன்றாகத் தழைத்தது.

உப்பில்தான் கோட்டை விட்டேன். சோற்றில் உப்பில்லை, குழம்பில் பாதி உப்பு, சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மோர்மிளகாய் இல்லாமல் வத்தக்குழம்பு இறங்காது. நாலு மணி நேரம் படுத்தபடி மேலே தொங்கும் சலைன் பாட்டிலைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் உறைத்தது. அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தமும் கிட்டத்தட்ட அந்த உப்பு அளவில்தான் நிற்கப் பார்க்கும். அப்படியானால் 8, 9 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால், அதற்கு ஈடாக ஒரு லிட்டர் தண்ணீரை நாக்கு கேட்டு வாங்காமல் விடாது. தாகத்தோடு மல்லுக்கட்டுவது வீண்; சண்டை உப்போடுதான். இதற்காக ஒரு உறவினர் 'லோ சோடியம்' உப்பு வாங்கி வந்தார். நல்லவேளை, கேட்டுவிட்டுப் பிரித்தோம். அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. இளநீரை ஒதுக்கச் சொல்வதும் இதனால்தான்.

போன ஐப்பசி மழையில் நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கஞ்சி. அதுவும் ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. டயாலிசிஸ் மட்டும் தவறாமல் நடந்தது. முடிந்ததும் எடை பார்த்தால் 52, கன கச்சிதம். வியாதியிலும் இளைக்கவில்லையே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த நாட்களில் என் வளையல் முழங்கை வரைக்கும் தாராளமாக ஏறியது. ரவிக்கையை இரண்டு தையல் பிடித்தேன். அதே சமயம் காலில் மெட்டி இறுகி, ராத்திரி சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது. இரண்டும் ஒரே உடம்பில்தான் நடந்தன. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்புறம் படுத்தால் இருமல். காய்ச்சல் விட்டுப்போன மிச்சம் என்று இருமல் மருந்து குடித்தேன். ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. ஒரு ஞாயிறு நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து, கூடத்து ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் தளும்புகிற மாதிரி. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் ஆட்டோவுக்குப் போன் போட்டார்.

பிபி 190. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க நீர். அந்த ராத்திரியே டயாலிசிஸ் போட்டு மூன்று லிட்டருக்கு மேல் எடுத்து, 51.5க்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம், 38 சதவீதம்தான்; இடப்பக்க அறையின் சுவர் தடித்திருந்தது. டாக்டர் என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"நீங்க இளைச்சிட்டீங்கம்மா. இளைச்ச இடத்துல தண்ணி உக்காந்திருக்கு" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. சதை கரைந்து 48, 49 கிலோவாகிவிட்ட உடம்பை, மூன்று கிலோ தண்ணீரோடு 52 என்று கணக்குக் காட்டி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். எடை மெஷினுக்குச் சதையும் தண்ணீரும் ஒன்றுதான். நான் அதுவரை போய்க்கொண்டிருந்த சென்டரில் பல மாதமாக யாரும் அந்த எண்ணை மறுபடி யோசிக்கவில்லை. கோபம் வந்தது. ஆனால் வளையலும் மெட்டியும் என் கண்ணில்தானே பட்டன? கேட்டிருக்கலாம்.

மிச்சம் மூன்று கிலோதானே, ஒரே நாளில் எடுத்துவிட வேண்டியதுதானே என்றேன். முடியாதாம். நீர் தங்கினால் இதயம் விரிந்து தடிக்கிறது. அதை அவசரமாக உறிஞ்சினாலோ பிபி சரிந்து, இதயத் தசைக்கே ரத்தம் போதாமல் கொஞ்ச நேரம் மரத்துப் போகிறது. வாரத்துக்கு மூன்று தடவை இப்படி மரத்தால் ஒருநாள் அது திரும்பி வராது. எடைக் கிலோ ஒன்றுக்கு மணிக்கு 13 மில்லியைத் தாண்டாமல் எடுப்பது நல்லது என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கு அப்புறம் டயாலிசிஸுக்குப் போகும் என் பழைய திங்கட்கிழமைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 55.8 கிலோவில் போய் நாலு மணி நேரத்தில் 4.1 லிட்டர் எடுத்திருக்கிறோம். கிட்டத்தட்ட 20 மில்லி! கெண்டைக்காலில் குரக்கு இழுத்து நான் அலறியதெல்லாம் சும்மா இல்லை.

வாரத்துக்கு அரைக் கிலோ என்று ட்ரை வெயிட்டைக் குறைத்தோம். 51.5லிருந்து 48.5க்கு வர ஆறு வாரம். நாலு மணி நேரத்தை நாலரை ஆக்கினார்கள். அந்த அரைமணிக்கு முதலில் முகம் சுளித்தவள் நான்தான். மெஷின் திரவத்தின் சூட்டை 36 டிகிரிக்கு இறக்கினார்கள். பிபி சரியாமல் நிற்கும், ஆனால் குளிரும், போர்வை கொண்டுபோக வேண்டும். எட்டு மணிக்கு டயாலிசிஸ் படுக்கையிலேயே சாப்பிடும் இரண்டு இட்லியை நிறுத்தினேன். சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுப் பக்கம் போய் பிபி இறங்குகிறது. காலை பிபி மாத்திரையை டாக்டர் ராத்திரிக்கு மாற்றினார். இதெல்லாம் என் உடம்புக்குச் செய்தது. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

நாலாவது வாரம் ஒருநாள் கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்தது. தூக்கம் என்று கண்ணை மூடப் போனேன். "அக்கா, தூங்காதீங்க" என்று தம்பி ஓடிவந்து தலைப்பக்கத்தை இறக்கி, காலைத் தூக்கி வைத்து, சலைன் விட்டார். பிபி 80. அன்றிலிருந்து கொட்டாவி வந்தால் உடனே கூப்பிட்டுவிடுவேன். பக்கத்துப் படுக்கைப் பெரியவர் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுவார். அவருக்கு பிபி எப்போதும் சரியாக இருக்கும்.

ஆறாவது வாரம் ஒரு தலையணையில் படுத்தேன். மூன்று வகை பிபி மாத்திரை ஒன்றாகக் குறைந்தது. ஆறு மாதம் கழித்து எக்கோவில் பம்பிங் 47. சுவரின் தடிப்பு போகவில்லை. அதற்கு நாளாகும் என்றார்கள்.

48.5 கிலோவுக்கு மணிக்கு 13 மில்லி என்றால், நாலரை மணி நேரத்தில் 2.8 லிட்டர். சலைன் போக, வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது. வாரத்தில் இதயத்துக்கு ஆபத்து அதிகமான இடைவெளி அதுதான். மோர்மிளகாய் டப்பாவை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். எங்கே வைத்திருக்கிறாள் என்று கேட்பதில்லை.

சித்திரையில் பசி திரும்பியது, சாப்பாடு இறங்கியது. கூடவே டயாலிசிஸ் முடியும்போது தொண்டை கம்மி, எழுந்தால் தலை சுற்றி, மறுபடி குரக்கு. இந்தத் தடவை நானே போய், "டாக்டர், எனக்குச் சதை போட்டிருக்கு போல" என்றேன். காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெத் வைத்தார், 49.5 என்று திருத்தினார். வளையல் இப்போது மணிக்கட்டைத் தாண்டவில்லை. மெட்டிதான் கழன்று கழன்று விழுகிறது. நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்.