காற்று இருந்த அறை

இன்றைக்கு மட்டும் மூன்று முறை செத்துப்போனேன்.

'ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்' விளையாட்டில் நான் பழைய விண்கலங்களை வெட்டிப் பிரிக்கும் கூலிக்காரன். மஞ்சளாக மின்னும் இணைப்பை கட்டரால் உருக்கினால் தகடு கழன்றுவிடும். இழுத்து உலையில் தள்ள வேண்டியதுதான். சுலபம் என்று நினைத்தேன்.

உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் சுவரில் ஒரு கோடு போட்டேன்.

டமால்!

நாற்காலி, விளக்கு, கதவு எல்லாம் என் மேல் பாய்ந்தன. ஹெல்மெட் கண்ணாடியில் முதலில் ஒரு சின்னக் கீறல். அப்புறம் அது சிலந்தி வலை மாதிரி விரிந்தது.

முதலில் உள்ளே போய் காற்றழுத்தத்தை இறக்க வேண்டுமாம். மூன்றாவது சாவில்தான் உறைத்தது.

செத்தால் கம்பெனி புது உடம்பு தரும். சும்மா இல்லை, அதுவும் கடனில் ஏறும். ஏற்கெனவே கடன் 100 கோடிக்கு மேல்!

குஜராத்தின் அலங் கடற்கரையில் நிஜக் கப்பல்களை உடைக்கிறார்கள். அங்கேயும் தொட்டிக்குள் எரிவாயு இல்லை என்று சோதித்த பிறகே கேஸ் கட்டரைப் பற்றவைக்க வேண்டும். அவர்களுக்கு ஏது புது உடம்பு?

நாலாவது முறை, அறையின் காற்றை வெளியேற்றும் ரெகுலேட்டரை அமுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் எதையும் வெட்டாமல் மிதந்துகொண்டிருந்தேன்.