நகத்தில் தட்டுப்பட்ட பள்ளம்

போன டிசம்பரில் ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதுதான் முதன்முதலாக அது நடந்தது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு வந்தாயிற்று. வேகம் 80ஐத் தொட்டிருக்கும். பாலத்துச் சாலை இணைப்பு ஒன்றில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. லேசாக ஒரு நடுக்கம். அடுத்த நொடியே ஸ்டீயரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தும் அடங்கவில்லை. பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருவரும் விழித்துக் கத்தினார்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, அபாய விளக்கைப் போட்டு, இடது தடத்துக்கு ஒதுங்கி, 50க்கும் கீழே வந்த பிறகுதான் நின்றது. ஈசூன் போய்ச் சேரும்வரை என் முழங்கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

என் வண்டி 2008இல் பதிவான சுசுக்கி ஜிம்னி. ஜேபி43 என்பார்கள். 1328 சிசி இன்ஜின், ஏணி போன்ற சேசிஸ், முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில். நகர்க் கார்களில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். இதில் அப்படி இல்லை. இடது சக்கரம் உதறினால் வலது சக்கரமும் சேர்ந்து உதறும், அந்த உதறல் திரும்ப இடதுக்கு வரும். ஆஃப்ரோடு வண்டி வைத்திருப்பவர்கள் இதை டெத் வாபிள் என்று சொல்வார்கள்.

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை 2018இல் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். பதினான்கு வயது தாண்டிய கார் என்பதால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதலாகக் கட்டுகிறோம். பத்து வயதுக்கு மேல் வருடா வருடம் பரிசோதனையும் உண்டு. இவ்வளவு செலவு செய்து ஏன் இதை வைத்திருக்கிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. சித்தி வீடு செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர் செம்மண். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பாதையில் லாரித் தடம் முழங்கால் ஆழத்துக்கு விழுந்து கிடக்கும். சித்தப்பா இறந்த பிறகு சித்தி தனியாக இருக்கிறார். மழைக்காலத்தில் அவரைப் போய்ப் பார்க்க எனக்கு இந்த வண்டி வேண்டும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

சரி, அந்த உதறலுக்கு வருகிறேன். மறுநாளே ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். உதறலைத் தணிக்கும் ஸ்டீயரிங் டேம்பர் போய்விட்டது என்றார்கள். அதை மாற்றி, நான்கு சக்கரத்தையும் பேலன்ஸ் செய்து, 480 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரம் நன்றாக ஓடியது. பிப்ரவரியில் அதே சாலை, அதே வேகம், அதே உதறல். திரும்பக் கொண்டுபோனேன். "பழைய வண்டி மேடம், அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அது ஆறவில்லை. பழைய வண்டி என்பது ஒரு நோயின் பெயரா? தேய்ந்தது எது என்று பார்த்துச் சொல்வதுதானே அவர்கள் வேலை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனேன். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது 78 வயது, சிலேத்தார் ஹில்ஸில் அண்ணனோடு இருக்கிறார். அண்ணனுடையது தரைவீடு, முன்னால் கூரை போட்ட போர்ச் உண்டு. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை செய்ய அனுமதி கிடையாது. இந்த ஊரில் வீட்டிலேயே வண்டி பழுதுபார்க்க வேண்டுமென்றால் முதலில் தேவைப்படுவது ஸ்பேனர் இல்லை, இப்படி ஒரு போர்ச்.

அப்பா டேம்பரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்கச் சொன்னார். அப்புறம் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து முன்னும் பின்னும் அசைத்தார். 'டொக், டொக்' என்று மெல்லிய சத்தம்.

"உள்ள ஏறி பிரேக்க மிதிம்மா."

மிதித்தேன். மறுபடி அசைத்தார். அதே டொக், டொக்.

"வீல் பேரிங்கா இருந்தா பிரேக்கு புடிச்சதும் ஆட்டம் நின்னுரும். இது நிக்கல. கிங்பின்னுதான்."

மொத்தம் இரண்டு நிமிடம். பிரேக்கை மிதித்தால் காலிப்பர் டிஸ்க்கைக் கவ்விக்கொள்ளும். சக்கரம் மாட்டியிருக்கும் ஹப்பும், அதைத் தாங்கித் திரும்பும் நக்கிளும் ஒன்றாகிவிடும். அதன்பிறகும் ஆட்டம் இருந்தால் அது நக்கிளுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இருக்கிறது என்று அர்த்தம். அங்கேதான் கிங்பின் இருக்கிறது, ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங். சக்கரம் திரும்புவதே அவற்றின் மேல்தான். டேம்பர் தேய்மானத்தைச் சரிசெய்வதில்லை, உதறலை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். புது டேம்பர் ஆறு வாரம் அமுக்கி வைத்தது.

நான்கு கிங்பின் பேரிங், நக்கிள் சீல், ஆக்சில் ஆயில் சீல் எல்லாம் அடங்கிய செட் வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை தொடங்கினோம். ஜாலான் காயுவிலிருந்து அண்ணன் பரோட்டா வாங்கி வந்திருந்தார். பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கு இடது பக்கச் சக்கரத்தைக் கழற்றினேன். காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். பிரேக் ஹோஸில் எடை விழக்கூடாது. டிஸ்க், ஹப், சக்கரத்தைத் திருப்பும் டை ராட் முனை என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே அண்ணியின் பழைய மேசைவிரிப்பில் அடுக்கச் சொன்னார் அப்பா. மேல் கிங்பின்னுக்கும் கீழ் கிங்பின்னுக்கும் தனித்தனியாகப் பெயின்ட் புள்ளி வைத்தோம், மாறிவிடக்கூடாது என்று.

நக்கிளை இழுத்ததும் உள்ளிருந்து வந்தது கிரீஸ் இல்லை. காப்பி நிறத்தில் ஒரு குழம்பு. ஆக்சில் குழாயின் உள்முனையில் இருக்கும் சீல் கிழிந்து, ஆக்சிலில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் கியர் ஆயில் நக்கிளுக்குள் கசிந்து, அங்கிருந்த கிரீஸைக் கரைத்திருக்கிறது. வெளிப்பக்கச் சீலும் காய்ந்து வெடித்திருந்ததால் தோட்டத்துச் செம்மண் தண்ணீரும் உள்ளே போயிருக்கிறது. கீழ் பேரிங்கின் உருளைகளில் பாதி துருப்பிடித்துச் சிவந்து கிடந்தன.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஆக்சில் முனையில் உட்கார்ந்திருந்த பேரிங்கின் வெளி வளையத்தைத் துணியால் துடைத்தோம். "நகத்த வச்சுப் பாரு" என்றார் அப்பா. கட்டைவிரல் நகத்தை வளையத்தின் உட்பக்கமாக மெதுவாக ஓட்டினேன். கண்ணுக்கு வழவழப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் நகம் தடுக்கியது. ஒரு பள்ளம், கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று, மறுபடி இன்னொன்று, ஒவ்வொரு உருளைக்கும் ஒன்றாக. சாலையில் வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது. அதனால் உருளைகள் வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்றபடி அடி வாங்கியிருக்கின்றன. ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு இணைப்பும் அங்கேயே இறங்கி, இரும்பில் அச்சுப் பதித்துவிட்டிருக்கிறது. மயிரிழை ஆழம்கூட இருக்காது. என் பிள்ளைகளை அலறவைத்தது அந்தப் பள்ளம்தான் என்று புரிந்தபோது கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

பழைய வளையத்தைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி எடுத்தோம். புது வளையங்களை முந்தின இரவே ஃப்ரீசரில், அண்ணியின் மீன் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தோம். குளிரில் இரும்பு கொஞ்சம் சுருங்கும், உள்ளே எளிதாக இறங்கும். இங்கே இருக்கும் ஈரப்பதத்துக்கு, வெளியே எடுத்த அரை நிமிடத்தில் அதன்மேல் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்துவிடுகிறது. துடைத்துவிட்டு உடனே வைக்க வேண்டும். சுற்றிலும் மாற்றி மாற்றித் தட்டும்போது சுத்தியல் சத்தம் முதலில் மந்தமாக இருக்கும். வளையம் அடியைத் தொட்டதும் கணீரென்று மாறும். "இப்ப ஒக்காந்துருச்சு" என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

பேரிங்குக்கு கிரீஸ் வைக்கும் வேலை மட்டும் அவர் செய்தார். இடது உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ், வலது கையில் பேரிங். அகலமான விளிம்பால் கிரீஸை அழுத்தி அழுத்தி வெட்டுவது போல் இழுத்தார். மறுபக்கத்தில் உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் புழுப்போல எட்டிப்பார்க்கும்வரை விடவில்லை. பிறகு கொஞ்சம் திருப்பி மறுபடி அதேபோல. விரல்கள் இப்போது நடுங்குகின்றன, தேநீர்க் கோப்பையைப் பிடித்தால் தளும்பும். அந்தப் பேரிங்கைப் பிடித்திருந்தபோது நடுங்கவில்லை.

சீலைப் பூட்டுவதற்கு முன்னால் அப்பா ஒரு கொக்கித் தராசை எடுத்து வந்தார். 2017 ஜூலையில் சுங்கை ரோடு சந்தையை மூடினார்களே, அதற்குச் சில மாதம் முன்பு அங்கே வாங்கியது. டை ராட் மாட்டும் ஓட்டையில் கொக்கியைக் கோத்து நக்கிளை இழுத்தால், எவ்வளவு விசையில் அசையத் தொடங்குகிறது என்று முள் காட்டும். பிறகு வலது பக்கத்தைப் பிரிப்பதற்கு முன் அதையும் இதேபோல் இழுத்துப் பார்த்தோம். தொளதொளவென்று வந்தது, நேர் நிலையில் மட்டும் பள்ளத்தில் விழுந்து நின்றது. புதுசு போட்ட பக்கம் முனையிலிருந்து முனைவரை ஒரே சீராக, கொஞ்சம் இறுக்கமாக நகர்ந்தது.

இடது பக்கத்துக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. அடுத்த சனிக்கிழமை வலது பக்கத்தை மூன்று மணி நேரத்தில் முடித்தோம்.

எல்லாம் திறந்து கிடக்கும்போதே இன்னொரு வேலையையும் செய்தோம். இந்த ஜிம்னியில் நான்குசக்கர இயக்கத்துக்குப் பட்டனை அழுத்தினால், இன்ஜினின் வெற்றிடம் சின்ன ரப்பர் குழாய்கள் வழியாகப் போய் முன் ஹப்பைப் பூட்டும். பதினேழு வருடத்தில் குழாயும் சீலும் வெடித்து, பட்டனை அழுத்தினாலும் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. சித்தி வீட்டுச் சேற்றில் ஒருமுறை அப்படிச் சிமிட்டியபடியே சிக்கிக்கொண்டு, தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. அந்த ஹப்புகளை எடுத்துவிட்டு, கையால் திருகிப் பூட்டும் ஹப் போட்டோம். வெற்றிடக் குழாய்களின் முனைகளை அடைத்தோம். நக்கிள் பக்கத்து ஓட்டையை விட்டுவிட்டால் தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே போகும், அதை மறக்கக் கூடாது. இனி சேறு வந்தால் இறங்கி இரண்டு பக்கமும் திருக வேண்டும். கால் நனையும். ஆனால் பூட்டிக்கொண்டதா இல்லையா என்று என் கைக்கே தெரியும், எனக்கு அதுதான் வேண்டும்.

உயரத்தைக் கூட்டவில்லை. அண்ணன் மகனுக்கு இரண்டு அங்குலமாவது தூக்க வேண்டும், பெரிய டயர் போட வேண்டும் என்று ஆசை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளின்படி வண்டியில் சில மாற்றங்களை அப்படியே செய்யலாம், சிலவற்றுக்கு அனுமதி வாங்க வேண்டும், சிலவற்றைச் செய்யவே கூடாது. அதைவிட எனக்குப் பெரிய காரணம், கனமான டயர் இதே கிங்பின்னைத்தான் இன்னும் வேகமாகத் தின்னும். அதே 205/70 ஆர்15 அளவில், மண்ணைப் பிடிக்கும் டயராக நான்கு வாங்கிப் போட்டோம்.

வடித்த பழைய கியர் ஆயிலைச் சமையல் எண்ணெய் டின்னில் ஊற்றி, காக்கி புக்கிட்டில் அண்ணனுக்குத் தெரிந்த பட்டறையில் கொடுத்தோம். அங்கே கழிவு எண்ணெய் எடுக்க உரிமம் பெற்றவர்கள் வருகிறார்கள். இங்கே மழைநீர் வடிகாலில் விழும் தண்ணீர் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, சுத்திகரித்த பிறகு நாமேதான் அதைக் குடிக்கிறோம்.

ஏப்ரலில் அப்பாவை முன்னால் உட்காரவைத்து அதே புக்கிட் தீமா விரைவுச்சாலைக்குப் போனேன். 80. அந்த இணைப்பு வருவதற்கு முன்பே என் இரண்டு கையும் தானாக இறுகிவிட்டன. முன்சக்கரம் தட்டியது, ஒரு 'டப்', அவ்வளவுதான். 90 வரை போய்ப் பார்த்தோம். ஸ்டீயரிங் அசையவில்லை. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பின்னாடி ஒரு சத்தம் வருதே, கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்து, விளக்கடித்துப் பார்த்தோம். பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் கம்பியின் புஷ் பிளந்து ரப்பர் வெளியே தெரிந்தது. ஆர்டர் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்கிறார்கள். சனிக்கிழமை காலைக்கு முக்காலியைப் போர்ச்சிலேயே போட்டு வைக்கச் சொல்லிவிட்டார் அப்பா.