சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, டெஸ்டர் எரியுது: பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டின கதை

பழைய எக்ஸாஸ்ட் ஃபேன கழட்டலாம்னு ஏணில ஏறி, கவர எடுத்துட்டு, சும்மா ஒரு பேச்சுக்குதான் டெஸ்டர வெச்சேன். சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, ஃபேன் நிக்குது, டெஸ்டர் மட்டும் நல்லா எரியுது. சரி இது ஃபேஸ் (கரண்ட் வர்ற வயர்) போலன்னு இன்னொரு வயர்ல வெச்சா அதுலயும் எரியுது. ரெண்டு வயர்லயும் கரண்ட் இருந்தா ஃபேன் எப்படி சும்மா நிக்கும்னு ஏணி மேலயே நின்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன், அப்புறம் யோசிக்கற இடமா இதுன்னு கீழ இறங்கிட்டேன்.

தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு போன் போட்டா அவர் முழுசா கேக்கக்கூட இல்ல. "சுவிட்ச நியூட்ரல்ல குடுத்திருப்பான் தம்பி, மெயின ஆஃப் பண்ணிட்டு பேசாம உக்காரு, சாயங்காலம் வரேன்"னார். அதேதான். நியூட்ரல்ங்கறது கரண்ட் திரும்பிப் போற வயர், சுவிட்ச் எப்பவும் ஃபேஸ் வயர்லதான் இருக்கணும். வீட்டுக்கு வயரிங் பண்ண புண்ணியவான் மாத்தி குடுத்துட்டாரு. ஆஃப் பண்ணா நியூட்ரல் அறுந்து ஃபேன் நின்னுரும், ஆனா ஃபேஸ் நேரா ஃபேன் வரைக்கும் வந்து உக்காந்திருக்கும், மோட்டார் காயில் வழியா அந்தப்பக்க வயருக்கும் போயிரும், அதான் ரெண்டுலயும் எரிஞ்சுது. இதுல இன்னொரு வில்லங்கம் என்னன்னா மல்டிமீட்டர அந்த ரெண்டு வயருக்கு நடுவுல வெச்சு பாத்தா பூஜ்யம்தான் காட்டும், ஆஹா கரண்ட் இல்லன்னு கைய வெச்சோம்னா முடிஞ்சுது கதை. ஒவ்வொரு வயரையும் எர்த்தோட வெச்சு பாத்தாதான் உண்மை தெரியும்.

அதனால இப்ப எனக்கு ஒரே கொள்கை. சுவிட்ச் எல்லாம் கணக்குலயே கிடையாது, எம்சிபி (மெயின் பாக்ஸ்ல ஒவ்வொரு லைனுக்கும் இருக்கற சுவிட்ச்) ஆஃப் பண்ணணும், எம்சிபி மேல எழுதி ஒட்டியிருக்கற பேரையும் நம்பக்கூடாது (எங்க வீட்ல "பாத்ரூம்"னு எழுதினது கிச்சனுக்கு போகுது). அது மேல ஒரு டேப் ஒட்டிடணும், வீட்ல இருக்கற எல்லார்கிட்டயும் சொல்லிடணும், இல்லன்னா யாராவது கரண்ட் போயிருச்சுன்னு நல்லெண்ணத்துல போட்டு விட்ருவாங்க. டெஸ்டர மொதல்ல கரண்ட் இருக்கற ஒரு பிளக் பாயிண்ட்ல வெச்சு வேலை செய்யுதான்னு பாத்துட்டு, அப்புறம் ஃபேன் வயர்ல பாத்துட்டு, திரும்பவும் அதே பாயிண்ட்ல போய் பாக்கணும், ஏன்னா டெஸ்டர் நடுவுலயே செத்துப் போனாலும் எரியாதுதான!

சரி, கரண்ட் விஷயம் முடிஞ்சுது, ஃபேன கீழ இறக்கினேன். அப்பதான் அடுத்த அதிர்ச்சி. ஃபால்ஸ் சீலிங்ல மாட்டின ஃபேன் அது, பின்னாடி நெளிநெளியா ஒரு டக்ட் பைப், அது வெளிச்சுவர் வரைக்கும் போகவே இல்ல, ஒரு ரெண்டடி பத்தாம போச்சு போல, அப்படியே உள்ளயே படுத்துக் கிடக்கு. டார்ச் அடிச்சு பாத்தா சீலிங் போர்டோட மேல்பக்கம் முழுக்க கருப்பு கருப்பா பூஞ்சை. கை வெச்சா மாவு மாதிரி உதிருது. இத்தன வருஷமா சத்தம் வருதே, ஃபேன் நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சுட்டிருந்தோம், குளிக்கற ஆவி மொத்தமும் தலைக்கு மேலயே குடித்தனம் பண்ணிட்டு இருந்திருக்கு. அந்த போர்ட மாஸ்க், கிளவுஸ், கண்ணாடி எல்லாம் போட்டுட்டுதான் எடுத்தேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க, அந்த தூசி மூக்குல ஏறினா நல்லதில்ல.

ஃபேனுக்கு ஒரே வேலை, உள்ள இருக்கற ஈரக்காத்த கட்டடத்துக்கு வெளிய தள்றது. ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள, ஓட்டுக்கு அடியில, பக்கத்து ரூமுக்குள்ள எங்க விட்டாலும் தண்ணிய இடம் மாத்தி வெக்கறோம், அவ்ளோதான்.

புது ஃபேன் எவ்ளோ பெருசு வேணும்னு ஒரு சின்ன கணக்கு இருக்கு. எங்க பாத்ரூம் 8 அடிக்கு 5 அடி, உயரம் 8 அடி, மொத்தம் 320 கன அடி. ஒரு மணி நேரத்துக்கு 8 தடவ உள்ள இருக்கற காத்து மாறணும்னு வெச்சா 2560 கன அடி, 60ஆல வகுத்தா நிமிஷத்துக்கு சுமார் 43, அதத்தான் சிஎஃப்எம்னு பெட்டில போட்டிருப்பாங்க. 50 சிஎஃப்எம்முக்கு கீழ எவ்ளோ சின்ன பாத்ரூமா இருந்தாலும் வாங்காதீங்க. மணிக்கு கன மீட்டர்ல போட்டிருந்தா 50 சிஎஃப்எம்ங்கறது 85 வரும். பெட்டில இருக்கறது ஃபேன் மட்டும் தனியா ஓடும்போது வர்ற கணக்கு, டக்ட் மாட்டி ரெண்டு வளைவு குடுத்தா காத்து கொறைஞ்சிரும், அதனால நான் கொஞ்சம் பெருசாவே வாங்கினேன். டக்ட எவ்ளோ நேரா, எவ்ளோ சின்னதா போட முடியுமோ அப்படி போடுங்க, நெளி பைப்பா இருந்தா தொங்க விடாம நல்லா இழுத்து விறைப்பா கட்டுங்க, தொங்கற எடத்துல தண்ணி தேங்கும். வெளிப்பக்கம் லேசா சரிவு குடுங்க, உள்ள குளுந்து சொட்டற தண்ணி வெளிய போகட்டும், திரும்பி மோட்டார் மேல வரக்கூடாது. வெளி முனையில தானா மூடிக்கற ஷட்டர் ஒண்ணு, மழையும் பூச்சியும் வராது.

சுவத்துல ஓட்டை போடறது தனி வேதனை. பீம், தூண், லின்டல் (கதவு, ஜன்னல் மேல போற கான்கிரீட்) பக்கமே போகாதீங்க, உள்ள பைப்பும் வயரும் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாம டிரில்ல வெக்காதீங்க. மாடில இருக்கீங்கன்னா கீழ ஒரு ஆள நிக்க வெங்க, கடைசில செங்கல் துண்டு வெளிப்பக்கம்தான் விழும்.

ஷவர்ல இருந்து தண்ணி படற எடத்துல சாதா ஃபேன் வெக்கக்கூடாது. பல நாட்டு வயரிங் விதிகள்ல ஷவர் எடத்துல தரையில இருந்து 2.25 மீட்டர் உயரம் வரைக்கும், பக்கவாட்டுல இன்னொரு 60 சென்டிமீட்டர் தூரம் வரைக்கும் தனி வட்டாரமாவே பிரிச்சு வெச்சிருக்காங்க, அங்க வெச்சா குறைஞ்சது ஐபிஎக்ஸ்4ன்னு (தண்ணி தெறிச்சாலும் தாங்கும்னு அர்த்தம்) போட்டிருக்கணும், ஷவருக்கு நேர் மேலன்னா 12 வோல்ட் ஃபேன் இன்னும் நிம்மதி. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளிய. வயர முறுக்கி டேப் சுத்தி விடற வேலையே வேண்டாம், ஆவில அந்த பசை வழுக்கிட்டு வந்துரும், மூடின ஜங்ஷன் பாக்ஸ்குள்ள கனெக்டர் போட்டு இறுக்குங்க. எர்த் வயர் கட்டாயம் குடுங்க, சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி இருந்தா மட்டும்தான் அந்த ஃபேனுக்கு எர்த் வேண்டாம். லைன்ல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னும் பாருங்க, அதுல இருக்கற டெஸ்ட் பட்டன அமுக்கினா டப்புன்னு விழணும். உண்மைய சொல்லணும்னா ஓட்டையும் டக்டும்தான் நான் பண்ணேன், சுவிட்ச ஃபேஸுக்கு மாத்தி கனெக்ஷன் குடுத்தது அண்ணன்தான், அதுல எனக்கு எந்த வெக்கமும் இல்ல.

எல்லாம் மாட்டி ஓட விட்டு, ஒரு டிஷ்யூ பேப்பர கிரில்ல ஒட்டினேன். கதவு தொறந்திருக்கும்போது பச்சக்குன்னு ஒட்டுது, கதவ சாத்தினா நழுவி விழுது. அண்ணன் சிரிச்சிட்டு கதவுக்கு அடியில கைய காட்டினார், இடைவெளியே இல்ல. உள்ள காத்து வராம ஃபேன் எத வெளிய தள்ளும்? கதவ கழட்டி அடியில முக்கால் இன்ச் அறுத்ததுக்கு அப்புறம்தான் பேப்பர் நின்னுச்சு.

இந்த எடத்துல ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். பாத்ரூமுக்குள்ள கேஸ் கெய்சர் இருந்தா எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுட்டோம், இனி பயமில்லன்னு நெனைக்காதீங்க. காத்து வர வழியில்லாத ரூம்ல ஃபேன் இழுக்கும்போது கெய்சர் புகை வெளிய போற குழாய்ல இருந்தே திரும்பி உள்ள வரலாம், அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, மயங்கி விழற வரைக்கும் தெரியாது. கெய்சர வெளிய மாத்திட்டு அப்புறம் ஃபேனப் பத்தி யோசிங்க.

மத்தபடி ஃபேன் அருமையா ஓடுது, கண்ணாடில ஆவி சீக்கிரம் கலையுது. குளிச்சு முடிச்சப்புறமும் ஒரு 20 நிமிஷம் ஓடணும், அப்பதான் சுவர் காயும். ஆனா நான் துண்டோட வெளிய வந்து ரூம் தாண்டறதுக்குள்ள அம்மா போய் ஆஃப் பண்ணிடறாங்க. "ஆளே இல்லாத பாத்ரூம்ல யாருக்குடா காத்து வீசுது"ங்கறாங்க. ரெண்டு வாரம் விளக்கி விளக்கி பாத்துட்டு, இப்ப டைமர் சுவிட்ச் வாங்கி வெச்சிருக்கேன், அண்ணன் ஞாயித்துக்கிழம வந்து மாட்டித் தரேன்னிருக்கார்.