தாத்தாவுக்கு வந்த கடிதங்கள்

போன ஜூலையில் மூன்று நாள் விடாத மழை. மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் பரண் ஒழுகியது. டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தால், அடியில் இருந்த துணிப்பை முழுக்க ஊறிப் போயிருந்தது. அதற்குள்தான் தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள். 1935 ஜூனில் மாயவரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பம்பாய் வந்து, ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டே அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர் அவர். அந்த இரண்டரை வருஷத்தில் வீட்டார் போட்ட கார்டும் கவருமாக 143. எண்ணியது பிற்பாடுதான். அன்று அது ஒரே ஈரக் கட்டி.

எனக்கு உடனே தோன்றியது, ஒவ்வொன்றாகப் பிரித்து இஸ்திரி போட்டுவிடலாம் என்று. நல்லவேளையாகப் பழைய காகிதங்களைச் செப்பனிடத் தெரிந்த தோழிக்கு முதலில் போன் செய்தேன். சூடு காட்டாதே, வெயிலில் போடாதே, ஒட்டியிருப்பதை இழுக்காதே என்றாள். ஈரக் காகிதத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். காயவைக்க முடிந்ததை இன்றே பரப்பு, முடியாததைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வை என்றாள். சரி என்று ஃப்ரீசரைக் காலி செய்தேன். பாதிக் கட்டு அங்கே போனது. மீதியை வெள்ளை வேட்டிமேல் ஒற்றுத்தாள் போட்டுப் பரப்பி, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். ஒற்றுத்தாளை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்தது. ஃப்ரீசர் கட்டை அடுத்த மாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைத்தேன்.

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் முகமூடி போட்டுக்கொண்டு மெல்லிய தூரிகையால் பூஞ்சையைத் தட்டினேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுவில் ஓர் ஓட்டை. தாத்தா எல்லாவற்றையும் கம்பியில் குத்தி வைத்திருந்திருக்கிறார். ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது.

அப்புறம் வரிசைப்படுத்துவது. கார்டுகளில் பாதிக்கு அஞ்சல் முத்திரை அழிந்துவிட்டது. கொள்ளுத்தாத்தா ஆங்கிலத் தேதி போடுகிறவரே இல்லை. உ என்று பிள்ளையார் சுழி, பிறகு ‘தாது ௵ சித்திரை ௴’ என்று தொடங்கிவிடுவார். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். கணக்கு எழுதும் இடத்தில் ‘௹ ௫வ’ என்றிருந்ததை என்ன எழுத்து என்று வெகுநேரம் முழித்தேன், ஐந்தேகால் ரூபாய். தமிழ் வருஷப் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன்: யுவ 1935, தாது 1936, ஈஸ்வர 1937. இப்படிக் கடிதங்களெல்லாம் வரிசைக்கு வந்தன.

தாது வருஷம் பிறந்த சமயத்துக் கார்டு ஒன்றில், வீட்டில் கிழவி சாப்பிடும்போதெல்லாம் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறார். எனக்கு முதலில் விளங்கவில்லை. 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம் தாது வருஷப் பஞ்சம். அதைச் சிறுமியாகப் பார்த்தவளுக்கு, அறுபது வருஷம் கழித்து அதே பெயரில் வருஷம் பிறக்கிறது. கொள்ளுத்தாத்தா மகனுக்கு எழுதுவது ஒரே வரி: அவளுக்குத் தனியாக ஒரு கார்டு போடு, பம்பாயில் அரிசி கிடைக்கிறது என்று எழுது.

படிப்பதுதான் பெரிய பாடு. கார்டு விலை முக்காலணா என்பதால் ஓரத்தில்கூட இடம் விடாமல், கார்டைத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார்கள். புள்ளி கிடையாது, வார்த்தைக்கு இடைவெளி கிடையாது, ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். ‘உனகாகிதமவநதுசேரநதது’ என்பதைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கீழ்வீட்டு மாமிக்கு 84 வயது. கண் தெரியாது, ஆனால் நான் எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, ‘உன் காகிதம் வந்து சேர்ந்தது’ என்று முடித்துவிடுவார். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம், நவம்பர் வரை அப்படித்தான் போயிற்று. போனில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைவிட மாமியின் காது எனக்கு அதிகம் உதவியது.

தாத்தா சேர்ந்த அதே ஜூன் மாதம்தான் அம்பேத்கர் அந்தக் கல்லூரிக்கு முதல்வரானார். அக்டோபரில் யேவலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். இந்த 143 கடிதங்களில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. நெல் விலை, பிரோநோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகுமா, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா, இவை மட்டும் இருக்கின்றன. அந்த மௌனம் என்னை இன்னும் உறுத்துகிறது.

வந்த கடிதங்கள் மட்டும்தான் பெட்டியில் உண்டு; தாத்தா எழுதியது ஒன்றுகூட இல்லை. அவர் பதிலை அடுத்த கார்டிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். தாத்தாவின் அக்கா, குழந்தை இல்லாமல் விதவையாகிப் பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள், ஈரம் பட்டால் ஊதா மையாகிற காப்பியிங் பென்சிலால் எழுதியிருந்தாள். காய்ந்த பக்கம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. மழைநீர் பட்ட பக்கம் ஊதாவாக மாறி, கொஞ்சம் கசிந்து, பளிச்சென்று படிக்கக் கிடைத்தது. ஈஸ்வர வருஷம் ஆடி மாதம். புருஷன் சொத்தில் பெண்டாட்டிக்கும் பங்கு என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே தம்பி, எனக்கு ஏதாவது உண்டா என்று கேட்கிறாள்.

அது 1937 ஏப்ரல் 14-இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம். அதற்கு முன்பே இறந்தவர்களின் சொத்துக்கு அது பொருந்தாது. அவள் புருஷன் போனது பிரஜோத்பத்தி ஐப்பசி, அதாவது 1931. சட்டம் படித்த தம்பி இதை எந்த வார்த்தைகளில் எழுதினார் என்று எனக்குத் தெரிய வழியில்லை. மாமியும் நானும் அன்று வேறு கடிதம் எடுக்கவில்லை.

அடுத்த கார்டு ஆவணியில். உன் காகிதம் வந்தது, முன்னாலேயே போனவர்களுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய், தெரிந்துகொண்டேன் என்கிறாள். அதற்கடுத்த வரியில், உப்பு நார்த்தங்காய் கொடுத்துவிட்ட டப்பாவை ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது திருப்பி அனுப்பு, வீட்டில் வேறு டப்பா இல்லை என்று எழுதியிருக்கிறாள்.