அப்பத்தாவின் நூறு கியாட்

பரணைச் சுத்தம் செய்யும்போது அப்பத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு துணி முடிச்சு கிடைத்தது. அவிழ்த்தால் நான்கு 100 கியாட் நோட்டு. கியாட் என்பது பர்மா, இன்றைய மியான்மர், நாட்டுப் பணம்.

மடிப்புகூடக் கலையவில்லை. ரங்கூனில் இட்லி சுட்டு விற்றுச் சேர்த்த காசு என்றார் அப்பா. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

யாரிடம் போய்க் கேட்பது? 1962 மார்ச் 2-ல் பிரதமர் ஊ நுவின் அரசைக் கவிழ்த்த ராணுவத் தளபதி ஜெனரல் நே வின், நாடாளுமன்றத்தையும் கலைத்திருந்தார். அப்புறம் கடைகளை அரசுடைமையாக்கினாலும் காசைச் செல்லாக்காசாக்கினாலும், எழுந்து நின்று ஏன் என்று கேட்க ஓர் அவையே இல்லை. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள்.

ராணுவம் ஒருமுறை ஆட்சிக்குள் வந்தால் லேசில் வெளியே போகாது. 2008 அரசியல் சட்டத்தில் நாடாளுமன்றத்தின் 25 சதவீத இடத்தைத் தனக்கென்றே எழுதிக்கொண்டது. அந்தச் சட்டத்தைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும். அதாவது அவர்கள் சம்மதிக்காமல் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சர்களைத் தளபதிதான் சொல்வார்.

அதுவும் போதவில்லை. 2020 தேர்தலில் மக்கள் ஆங் சான் சூச்சியின் கட்சிக்கு அள்ளிக் கொடுத்தார்கள், புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய 2021 பிப்ரவரி 1 விடியற்காலையிலேயே ராணுவத்தினர் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அப்பத்தாவின் தங்கை குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. 2024-ல் கட்டாய ராணுவச் சேவையை அமலாக்கியதிலிருந்து அப்பாவுக்கு அந்த வீட்டுப் பேரனைப் பற்றித்தான் கவலை. பையனுக்கு வயது 19.

சாயங்காலம் மூன்று முறை போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை.